மார்ச் 17-இன் பாட்டுகள்

அயர்லாந்தின் புனித பேட்ரிக் நாளான மார்ச் 17 வந்தால் டப்ளினிலும் பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் பப்களில் கேட்கும் பாட்டுகள் ஏறக்குறைய ஒன்றுதான். தி டப்ளினர்ஸ், தின் லிஸி, தி போக்ஸ், யு2, கிரான்பெரிஸ், டிராப்கிக் மர்ஃபிஸ் என்று வரிசை தொடரும். அந்த நாளுக்கு நாட்டுப்பாடலையும் ராக்கையும் கலந்து போடும் இந்த வழக்கம் ஐரிஷ் இசையைக் காப்பாற்றியிருக்கிறது. காயப்படுத்தியும் இருக்கிறது.

காப்பாற்றிய கதைக்கு 'விஸ்கி இன் த ஜார்' ஒன்றே போதும். வழிப்பறிக்காரன் ஒருவன் காதலியின் துரோகத்தால் பிடிபடும் பழைய பாட்டு அது. 1960-களில் டப்ளினர்ஸ் அதை பாஞ்சோவோடு பாடிப் பரப்பினார்கள். 1972-இல் பில் லைனட்டின் தின் லிஸி அதை மின்கிட்டாருக்குக் கொண்டுபோனது. 1998-இல் அமெரிக்காவின் மெட்டாலிக்கா கையிலெடுத்தது. ஏட்டில் உறங்கியிருக்கக்கூடிய ஒரு பாட்டை இன்று இருபது வயதுப் பிள்ளைகள் மனப்பாடமாகப் பாடுகிறார்கள்.

ராக் கலந்ததால் மரபு கெட்டது என்று முகம் சுளிப்பவர்கள் போக்ஸின் பிறப்பை நினைத்துப் பார்க்க வேண்டும். 1982-இல் லண்டனின் கிங்ஸ் கிராஸ் பகுதியில் உருவான குழு அது. பாடகர் ஷேன் மெக்கோவன் இங்கிலாந்தில் ஐரிஷ் பெற்றோருக்குப் பிறந்தவர். ஐ.ஆர்.ஏ. என்ற ஐரிஷ் ஆயுதக்குழுவின் குண்டுவெடிப்புகளால் ஐரிஷ் பேச்சைக் கேட்டாலே லண்டன் சந்தேகப்பட்ட காலத்தில், டின் விசிலையும் அக்கார்டியனையும் பங்க் வேகத்தில் மேடையேற்றினார்கள். புலம்பெயர்ந்தோர் பிள்ளைகளின் உரிமைக்குரல் அது. புனித பேட்ரிக் நாளின் ஆரவாரமே புலம்பெயர்ந்தோர் வளர்த்ததுதான். அயர்லாந்திலோ அது தேவாலய நாளாக இருந்தது, 1960-களின் தொடக்கம் வரை பல பத்தாண்டுகள் அன்று பப்களைச் சட்டமே மூடி வைத்திருந்தது.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. கொண்டாட்டப் பட்டியலில் இடம்பிடிக்க ஒரு பாட்டு வேகமாக இருக்க வேண்டும், கூடிக் கத்த ஏற்ற பல்லவி வேண்டும், குடியைப் பற்றி இருந்தால் இன்னும் நல்லது. அயர்லாந்தின் கானமாராவைச் சேர்ந்த ஜோ ஹீனி பாடிய ஷான் நோஸுக்கு, அதாவது பக்கவாத்தியமே இல்லாமல் பெரும்பாலும் ஐரிஷ் மொழியில் ஒருவர் தனித்துப் பாடும் மரபுக்கு, அங்கே இடமில்லை. உண்மையான பப் செஷனில் மேடை கிடையாது. ஃபிடில், புல்லாங்குழல், பௌரான் கொட்டு என்று மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒரு மெட்டை இரண்டு மூன்று முறை வாசித்ததும் யாரோ தலையசைப்பார், நிறுத்தாமலே அடுத்த மெட்டு பிடித்துக்கொள்ளும். ஒருவர் பாடத் தொடங்கினால் மொத்தக் கடையும் வாய்மூடும். ஒலிபெருக்கி வைத்த கவர் பேண்டு வந்த இடத்தில் இந்த அமைதிக்கு வழியே இல்லை.

அதைவிட வலிப்பது கிரான்பெரிஸின் 'ஸாம்பி' பாட்டுக்கு நேர்வது. 1993 மார்ச் 20 அன்று இங்கிலாந்தின் வாரிங்டனில் ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டுகளுக்கு இரண்டு சிறுவர்கள் பலியானார்கள். ஒருவனுக்கு வயது 3, மற்றவனுக்கு 12. அந்தத் துயரத்தில் குழுவின் பாடகி டோலோரஸ் ஓ'ரியார்டன் எழுதிய பாட்டு அது. அந்த நினைவு நாளுக்கு மூன்று நாள் முன்னால் பீர்க் கோப்பையைத் தூக்கிக்கொண்டு அதைக் கத்துவது, ஒப்பாரியைக் கல்யாணப் பந்தலில் பாடுவது போன்றது. வட அயர்லாந்தின் டெர்ரி நகரில் 1972-இல் பிரிட்டிஷ் ராணுவம் நிராயுதபாணிகளைச் சுட்டுக்கொன்றதை நினைவூட்டும் யு2-வின் 'சண்டே பிளடி சண்டே'க்கும் இதே கதிதான்.

நாட்டுப்பாடலும் ராக்கும் சேர்ந்தால் வேகமும் கூச்சலும்தான் மிஞ்சும் என்பதில்லை. டப்ளினின் லங்கம் குழு 2023-இல் வெளியிட்ட 'ஃபால்ஸ் லங்கம்' ஆல்பத்தில் பழம்பாடல்கள் கனத்த ரீங்காரத்தின் மேல் மெல்ல மெல்ல நகர்கின்றன; ராக் கச்சேரியின் அழுத்தம் அதில் முழுசாக இருக்கிறது.

ஆகவே பட்டியல் போடுகிறவர்கள் போக்ஸை நீக்க வேண்டாம். நடுவில் லங்கத்துக்கு ஓர் இடம் கொடுங்கள், ஜோ ஹீனிக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள். 'ஸாம்பி' போடுவதாக இருந்தால், அது யாருக்காக எழுதப்பட்டது என்று சொல்லிவிட்டுப் போடுங்கள்.