'வாரிசு' என்னும் சொல்லும் நம் நாளேடுகளும்

தமிழ் நாளேடுகளைத் தொடர்ந்து வாசிப்போர் 'வாரிசு' என்னும் சொல்லைக் காணாத நாள் அரிது. 'வாரிஸ்' என்னும் அரபுச் சொல்லே தமிழில் இவ்வாறு வழங்குகிறது. ரத்து, ஜாமீன், வசூல் ஆகியவற்றைப் போல இதுவும் தமிழோடு கலந்து, தன் பிறப்பிடம் மறக்கப்பட்ட சொல்லாகிவிட்டது. இச்சொல் தமிழுக்கு வந்ததில் நமக்கு மகிழ்ச்சியே. ஆயினும், செய்தித்தாளின் ஒவ்வொரு பக்கமும் இதன் பொருளை எவ்வாறு வளைத்திருக்கிறது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

பாகப்பிரிவினைக் கலையாகிய 'ஃபராயிள்' இச்சொல்லுக்குத் தெளிவான வரையறை தருகிறது. ஒருவர் இறந்த பின்னரே அவருக்கு வாரிசு உண்டு. உயிரோடிருப்பவருக்கு வாரிசு இல்லை. வாரிசு இன்னார் என முடிவு செய்யும் உரிமை சொத்துக்குரியவரிடம் இல்லை. அதனாலேயே, ஏனைய வாரிசுகள் இசைந்தாலன்றி, ஒரு வாரிசுக்குத் தனியே 'வஸிய்யத்' செய்வது செல்லாது. மகள், மனைவி, தாய் ஆகியோரும் வாரிசுகளே. பெற்றோரும் நெருங்கிய உறவினரும் விட்டுச் சென்றவற்றில், அது சிறிதாயினும் பெரிதாயினும், ஆண்களுக்கும் பெண்களுக்கும் பங்குண்டு என்பது அந்நிஸா அத்தியாயத்தின் ஏழாம் வசனம் நல்கும் கருத்து. பங்கின் அளவு வேறுபடலாம். வாரிசு என்னும் தகுதியில் வேறுபாடில்லை.

இனி அரசியல் பக்கத்துக்கு வருவோம். அங்கே தலைவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசு 'அறிவிக்கப்படுகிறார்'. 'வாரிசு அரசியல்' என்று கண்டித்து எழுதும் ஏடே, அடுத்த பத்தியில் தலைவரின் மகனை 'வாரிசு' என்றே குறிப்பிட்டு, கட்சியைத் தந்தையின் சொத்தாக ஒப்புக்கொண்டு விடுகிறது. திரைப்படப் பக்கத்திலோ தந்தையின் தொழிலை மேற்கொண்ட எவரும் 'வாரிசு நடிகர்' ஆகிவிடுகிறார்.

நீதிமன்றச் செய்திகளில்தான் இச்சொல் தன் பழைய பொருளோடு நிற்கிறது. 2016 டிசம்பரில் ஜெயலலிதா மறைந்தபின் அவருடைய 'அரசியல் வாரிசு' யார் என்னும் விவாதம் ஏடுகளை நிறைத்தது. 2020-இல் சென்னை உயர்நீதிமன்றமோ, அவருடைய சகோதரரின் மகளையும் மகனையும் சட்டப்படியான வாரிசுகள் என அறிவித்தது. அரசியல் பக்கத்தில் வாரிசுரிமை கோரியோருள் பலர் இவ்வறிவிப்பில் இடம்பெறவில்லை. ஒரே மனிதரைப் பற்றிய செய்தியில் ஒரே சொல் இரு வேறு பொருள்களில் வழங்கியது.

இவற்றையெல்லாம் சொல்லாட்சியின் நெகிழ்வு என்று விட்டுவிடலாம். மாவட்டச் செய்திகளில் வரும் ஒரு வழக்கை மட்டும் அவ்வாறு விட இயலாது. மகள்களை மட்டுமே பெற்றவரை 'வாரிசு இல்லாதவர்' என்று எழுதுவதும், 'ஆண் வாரிசு இல்லாத ஏக்கம்' என்று இரங்குவதுமே அது. வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றிதழில் இடம்பெறும் மகள், செய்தியாளரின் வாக்கியத்தில் இல்லாமற் போகிறாள்.

பிறரைக் குறைகூறும் தகுதி நமக்கு உண்டா என்பதும் கேள்வியே. பெண்களின் பங்கை மறுத்த வழக்காறுகளை நீக்கவே 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் முதன்மையாக வேண்டப்பட்டது. அச்சட்டம் வேளாண் நிலத்தை விலக்கியிருந்தது. 1949-இல் சென்னை மாகாணம் திருத்தம் கொணர்ந்து அக்குறையையும் களைந்தது. ஆகவே தமிழகத்தில் முஸ்லிம் மகளின் உரிமைக்குச் சட்டத் தடை ஏதும் இல்லை. எனினும், 'நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாயிற்று' என்னும் ஒற்றை வாக்கியத்தால் அவ்வுரிமை எத்தனையோ வீடுகளில் அடைக்கப்படுகிறது. திருமணத்தின்போது அளித்தது அன்பளிப்பு. மரணத்துக்குப் பின் வருவதே பங்கு. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. நாளேட்டின் சொல்லும் நம் வீட்டின் வழக்கமும் இவ்விடத்தில் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

உருவகமாக இச்சொல்லை ஆளவே கூடாது என்பதன்று நம் கருத்து. அறிஞர்களை நபிமார்களின் வாரிசுகள் என்று நபிமொழி கூறுகிறது. நபிமார்கள் பொற்காசையோ வெள்ளிக்காசையோ விட்டுச் செல்லவில்லை, கல்வியையே விட்டுச் சென்றனர் என்றும் அதுவே விளக்குகிறது. எதைப் பெற்றார் என்று சொல்ல முடிந்தால் உருவகம் பொருந்தும். அவ்வாறு சொல்ல இயலாதபோது மகன், மகள், அடுத்த தலைவர் என்னும் எளிய சொற்களே போதும். மகள் மட்டும் உள்ள வீட்டை 'வாரிசு இல்லாத வீடு' என்று எழுதும் வழக்கத்தையேனும், முதலில் நம் சமுதாய இதழ்கள் கைவிடட்டும்.