கண்காட்சிக்குப் பிறகு யார் பார்ப்பது?

2019 நவம்பர் வரை தாம்பரம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது; அதன்பின் செங்கல்பட்டு மாவட்டம். 2021 நவம்பர் வரை அது நகராட்சி. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர் உள்ளிட்ட ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்தபின் 70 வார்டுகள் கொண்ட மாநகராட்சி ஆனது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. தென் மாவட்ட பஸ்ஸுக்குக் கோயம்பேடு போகும் வழக்கமும் மாறியது. 2018-இல் ஒரு பள்ளியின் மாணவர்கள் தாம்பரத்துக்கென்று ஓர் இணையதளம் செய்து, அதை அப்படியே விட்டிருந்தால், இன்றைக்கு அதில் மாவட்டம் தப்பு, உள்ளாட்சி தப்பு, வார்டு எண் தப்பு, பஸ் ஏறும் இடமும் தப்பு. எழுதிய அன்று எல்லாமே சரிதான்.

மாணவர்களைக் கொண்டு ஊருக்கு ஒரு தளம் செய்ய வைப்பது புது யோசனை அல்ல. அமெரிக்காவின் குளோபல் ஸ்கூல்நெட் அமைப்பு 1996-இல் தொடங்கிய சைபர்ஃபேர் போட்டிக்கு அதுவேதான் கரு. உள்ளூர்த் தலைவர்கள், வணிகம், வரலாற்றுச் சின்னங்கள், சுற்றுச்சூழல், இசையும் கலையும் என எட்டுப் பிரிவுகள். ஒன்றை எடுத்துக்கொண்டு, சொந்த ஊரில் விசாரித்து, வலைப்பக்கமாக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2018-இல் வந்த புதிய பாடத்திட்டத்தின் பிளஸ் ஒன் கணினிப் பயன்பாடுகள் புத்தகத்தில் எச்டிஎம்எல்லும் ஜாவாஸ்கிரிப்டும் இருக்கின்றன. பிளஸ் டூவில் பிஎச்பி வருகிறது. படித்ததைச் செய்து காட்ட ஒரு புராஜெக்ட் தேவை. ஊரைவிடக் கைக்கெட்டும் பொருள் வேறு இல்லை.

இதில் பெரிய லாபம் கணினி அறைக்கு வெளியே கிடைக்கிறது. ‘என் பொழுதுபோக்கு’ என்று பக்கம் செய்யும் மாணவனைப் படிப்பவர் ஆசிரியர் ஒருவர்தான். ஊரைப் பற்றி எழுதுகிறவளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. சேலையூர் ஏரியை ராஜகீழ்ப்பாக்கத்தில் கொண்டுபோய் வைத்தால் எதிர்வீட்டு அக்காவே பிடித்துக்கொள்வார். குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளரிடம் நேரம் வாங்குவது, அவர் சொன்னதை இன்னொருவரிடம் சரிபார்ப்பது, இரண்டு பேரும் வேறு வேறாகச் சொன்னால் இரண்டையும் பதிவது என்று எந்தப் பாடப்புத்தகமும் தராத பயிற்சி இதில் கிடைக்கிறது. சைபர்ஃபேரில் இன்னொரு நல்ல விதியும் இருந்தது: கலந்துகொள்ளும் பள்ளிகள் மற்றப் பள்ளிகளின் தளங்களையும் மதிப்பிட வேண்டும். அடுத்தவர் பக்கத்தில் ஆதாரம் எங்கே என்று கேட்டுப் பழகிய பிள்ளைக்குத் தன் பக்கத்து ஓட்டையும் கண்ணில் படும்.

சிக்கல், தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே தொடங்கிவிடுகிறது. பல்லாவரம் என்றதும் 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபுட் கல்லாயுதம் கண்டெடுத்த கதை வரும். தாம்பரம் என்றால் 1931-இல் சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து ஓடத் தொடங்கிய மின்சார ரயில். 1937-இல் நகரத்திலிருந்து இங்கே இடம் பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி. மூன்றும் உண்மை, மூன்றும் இணையத்தில் ஏற்கெனவே கொட்டிக் கிடப்பவை. எடுத்து ஒட்டுவதுதான் மாணவர்களுக்கு மிச்சமிருக்கும் வேலை. இப்போது ஏஐ வந்தபின் அந்த வேலையும் மிச்சமில்லை.

நகலெடுப்பதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2011-இல் விக்கிமீடியா அறக்கட்டளை புனேயில் ஒரு கல்வித் திட்டம் நடத்தியது. கல்லூரி மாணவர்கள் பாட வேலையின் பகுதியாக ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுத வேண்டும். பலர் புத்தகங்களிலிருந்தும் தளங்களிலிருந்தும் வரி மாறாமல் கொண்டுவந்து கொட்டினார்கள். அதைத் தேடித் தேடி அழிப்பதே தன்னார்வலர்களுக்கு முழுநேர வேலையாகிப்போக, புனே முயற்சி அந்த ஆண்டுக்குள்ளேயே நிறுத்தப்பட்டது. கல்லூரியிலேயே இப்படி என்றால், பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஆதாரம் காட்டச் சொல்லித் தராமல் ‘தளம் செய்து வா’ என்று அனுப்பினால் என்ன வரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது ஆயுள். பள்ளிக் கண்காட்சியன்று தளம் புரொஜெக்டரில் ஓடும்; பெற்றோர் கைதட்டுவார்கள்; மார்ச்சில் பொதுத்தேர்வு; ஜூனில் செய்தவர்கள் பள்ளியிலேயே இருக்க மாட்டார்கள். பாஸ்வேர்டு யாரிடம் என்று தெரியாது. டொமைனுக்குப் பணம் கட்டாமல் விட்டால் அந்த முகவரியை வேறு யாராவது வாங்கிச் சூதாட்ட விளம்பரம்கூடப் போடலாம். இலவச இடங்களும் நிலையானவை அல்ல. ஜியோசிட்டீஸ் 2009-இல் மூடப்பட்டது. உலகெங்கும் மாணவர்கள் செய்த ஆயிரக்கணக்கான தளங்களை வைத்திருந்த திங்க்குவெஸ்ட் நூலகத்தை ஆரக்கிள் 2013-இல் மூடியது.

ஆனால் பழசாகிப்போவது எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி நடப்பதில்லை. 1986-இல் பிபிசி நடத்திய டோம்ஸ்டே திட்டத்தில் பிரிட்டன் முழுவதும் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் ஊரைப் பற்றி எழுதினார்கள். பங்கெடுத்தவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். பதிந்து வைத்த லேசர் வட்டுகளைப் படிக்கும் கருவிகள் சில ஆண்டுகளில் அரிதாகிவிட, பெரும்பாடுபட்டு மீட்டு, 2011-இல் இணையத்தில் ஏற்றினார்கள். பிறகு பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போனது. கடை திறக்கும் நேரம் பார்க்க அதை இன்றைக்கு யாரும் திறப்பதில்லை. 1986-இல் ஒரு சிற்றூர் எப்படி இருந்தது, பிள்ளைகள் என்ன விளையாடினார்கள் என்று பார்க்கத் திறக்கிறார்கள். தேதி போட்ட பதிவு பழையதானால் வரலாறு. தேதி போடாத பதிவு பழையதானால் வெறும் பிழை.

மாணவர் ஊர்த்தளங்களின் அடிப்படைக் குறை இங்கேதான் இருக்கிறது. பஸ் நேரம், மருத்துவமனை எண், பிளம்பர் விலாசம் போன்றவை உபயோகமாகத் தெரிவதால் எல்லோரும் அவற்றையே எடுக்கிறார்கள். அந்த வகைத் தகவலுக்கு அன்றாடம் ஆள் உட்கார வேண்டும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் தன்னார்வலர்கள் நடத்திய தளங்களும், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து நீர் தேங்கிய தெருக்களைக் குறித்த வரைபடமும் பயன்பட்டதற்குக் காரணம், அந்த நாட்களில் பலர் அதே வேலையாக இருந்ததுதான். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

அவர்களால் செய்ய முடிந்தது வேறு. அதே வெள்ளத்தில் அடையாறு கரைமீறியபோது முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. வடிந்தபின் சுவரில் ஒரு பழுப்புக் கோடு நின்றது. பல வீடுகளில் வெள்ளையடித்து அதை மறைத்திருப்பார்கள். வீட்டுக்காரர் கையை வைத்து ‘இது வரைக்கும்’ என்று காட்டுவார். டேப் பிடித்து, தரையிலிருந்து எத்தனை அங்குலம், எந்தத் தெரு, யார் சொன்ன நினைவு, எந்தத் தேதியில் அளந்தது என்று நாற்பது பிள்ளைகள் குறித்தால், இருபது ஆண்டு கழித்தும் பொய்யாகாத ஆவணம் அது. சிட்லபாக்கம் ஏரியை வருடா வருடம் ஒரே கரையில், ஒரே மாதத்தில் நின்று படம் எடுப்பதும் இந்த வகைதான். எச்டிஎம்எல் இதற்குக் கொஞ்சம் போதும்.

பதிவிலும் எல்லை உண்டு. கதவு எண்ணும் கைபேசி எண்ணும் தளத்தில் ஏறக்கூடாது. ‘எங்கள் குழு’ என்று மாணவர் படம், பெயர், வகுப்பு, பிரிவு என எல்லாவற்றையும் போடும் பழக்கமும் போக வேண்டும். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் கேட்கிறது. அளந்து எழுதியதைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் மட்டும் போடுவது இன்னொரு குறை. ‘இது வரைக்கும்’ என்று கைகாட்டியவர் தான் சொன்னதைத் தானே படித்துத் திருத்த முடியாவிட்டால், சரிபார்க்கும் வழியில் ஒன்று அடைபடுகிறது.

மதிப்பெண் போடும் முறை மாறினால் பாதி சரியாகிவிடும். இப்போது வண்ணத்துக்கும் மெனுவுக்கும் போகும் மதிப்பெண்ணில் ஒரு பங்கை, முந்தைய பிளஸ் ஒன் வகுப்பு விட்டுப்போன பக்கங்களில் பிழை கண்டுபிடித்துத் திருத்துவதற்குத் தரலாம். பாஸ்வேர்டு பள்ளி அலுவலகத்தில் இருக்கலாம். நகல் ஒன்று ஊர் நூலகத்துக்குப் போகலாம். ஆனால் அளவெடுப்பதும் நேர்காணலும் சமூக அறிவியல், தமிழ் ஆசிரியர்களின் வேலை. இன்றைக்குப் புராஜெக்ட் முழுவதும் கணினி ஆசிரியர் ஒருவர் தலையில் விழுகிறது. அவருக்குக் கிடைக்கும் வாரத்துச் சில பீரியடுகளில் பக்கம் செய்யச் சொல்லித் தரலாம். முடிச்சூர் வரை பிள்ளைகளைக் கூட்டிப்போய் வர, அந்த நேரம் காணாது.