விளக்கும் குடமும்: 1982 தீர்ப்பின் மீது ஒரு தீர்ப்பு

1982 டிசம்பர் 22ஆம் திகதி இலங்கை வாக்காளரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கப்பட்டது. 1977இல் தெரிவான பாராளுமன்றம் பொதுத்தேர்தல் இல்லாமலே 1989 ஆகஸ்ட் வரை நீடிக்கலாமா? நீடிக்கலாம் என்பவர்களுக்கு விளக்குச் சின்னம். கூடாது என்பவர்களுக்குக் குடம். விளக்குக்கு 31 இலட்சத்து 41 ஆயிரம் வாக்குகள் விழுந்தன. குடத்துக்கு 26 இலட்சத்து 5 ஆயிரம். இந்த 54.66 வீதம் நாட்டை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை இன்றும் நிதானமாக எடைபோட வேண்டியிருக்கிறது.

ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தனவின் தரப்பில் மூன்று வாதங்கள் உண்டு. மூன்றில் இரண்டு பெரும்பான்மை, உயர் நீதிமன்றத்தின் நான்குக்கு மூன்று என்ற முடிவு, மக்களின் ஒப்புதல் ஆகிய படிகள் எல்லாம் முறையாகத் தாண்டப்பட்டன என்பது முதலாவது. அக்டோபரில்தான் 52.9 வீத வாக்குகளோடு அவர் ஜனாதிபதியாக மீண்டும் தெரிவானார் என்பது இரண்டாவது. விளக்கு தோற்ற தொகுதிகளில் பதினெட்டுக்கு 1983 மே 18இல் இடைத்தேர்தல் நடத்தி மக்களுக்கு மறுவாய்ப்புக் கொடுத்தார் என்பது மூன்றாவது.

சட்டப் படிகள் தாண்டப்பட்டது உண்மை. ஆனால் வாக்கெடுப்பு நடந்தது அவசரகாலச் சட்டத்தின் கீழ். எதிரணியின் அச்சகங்கள் முத்திரையிடப்பட்டிருந்தன. ‘நக்சலைட் சதி’ என்ற பெயரில் எதிரணியின் விஜய குமாரதுங்க தடுப்புக்காவலில் இருந்தார். அந்தச் சதி எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்கப்படவில்லை. முன்னாள் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமைகள் 1980இலேயே பறிக்கப்பட்டுவிட்டன. ஒரு தரப்பின் வாயைக் கட்டிவிட்டு எடுத்த ஒப்புதலை முழு ஒப்புதலாக ஏற்க முடியாது.

மற்ற இரண்டு வாதங்களும் அவருக்கு எதிராகவே திரும்புகின்றன. 1977இல் பாதியைச் சற்றே தாண்டிய வாக்குகளைக் கொண்டு அவருடைய ஐக்கிய தேசியக் கட்சி (ஐ.தே.க.) 168 ஆசனங்களில் 140ஐப் பிடித்தது. புதிய விகிதாசார முறையில் 52.9 வீதம் ஆட்சியைத் தந்திருக்கும். மூன்றில் இரண்டைத் தந்திருக்காது. பதினெட்டு இடைத்தேர்தல்களில் பதினான்கை வென்ற கட்சி பொதுத்தேர்தலுக்கு ஏன் அஞ்ச வேண்டும்? காப்பாற்றப்பட்டது ஆட்சி அன்று. அரசியலமைப்பை நினைத்தபடி திருத்தும் பலமே காப்பாற்றப்பட்டது.

வாக்கெடுப்பின் போதும் அதன் பின்னும் நடந்ததற்கு மாத்தளை சாட்சி. மாவட்டம் விளக்கின் பக்கம் நின்றது. தோட்டத் தொழிலாளரின் இலங்கைத் தொழிலாளர் காங்கிரசும், அதன் தலைவர் தொண்டமான் அமைச்சராக இருந்ததால், அரசின் பக்கமே நின்றது. ஆனால் ரத்தோட்டை, உக்குவளைத் தோட்டங்களின் லயன்களில் பலருக்கு வாக்கே இல்லை. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியிருந்தது. ஏழு மாதம் கழித்து, 1983 ஜூலையில், மாத்தளை நகரில் தமிழர் கடைகள் எரிந்தன. முத்துமாரியம்மன் கோயிலும் தாக்கப்பட்டது.

அந்தத் தீயை வாக்கெடுப்பின் தலையில் கட்டுவது நேர்மையாகாது. 1958லும் 1977லும் தேர்தல்கள் ஒழுங்காக நடந்த நாட்டில்தான் கலவரங்களும் நடந்தன. மாத்தளை வைத்தியசாலை வளவில் 2012இல் கிடைத்த நூற்றைம்பதுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகளையும் இந்த வழக்கில் சாட்சியாக நிறுத்த மாட்டேன். அவை ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தவை என்று ஒரு சாராரும், அதற்கு வெகு முந்தியவை என்று மறு சாராரும் சொல்ல, ஆய்வு முடிவுகளே முரண்பட்டுக் கிடக்கின்றன.

ஆனால் தீக்குப் பிறகு நடந்ததற்கு வாக்கெடுப்பு நேரடிப் பொறுப்பு. காப்பாற்றி வைத்த அதே பெரும்பான்மை 1983 ஆகஸ்டில் ஆறாவது திருத்தத்தை நிறைவேற்றியது. பிரிவினைக்கு எதிரான சத்தியத்தை ஏற்காத தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் ஆசனம் இழந்தார்கள். ஜே.வி.பி. தடைசெய்யப்பட்டது. வடக்கின் இளைஞனுக்கும் தெற்கின் இளைஞனுக்கும் கோபத்தை வாக்காக மாற்ற 1989 பெப்ரவரி வரை ஒரு பொதுத்தேர்தல்கூட இல்லை. அதற்குள் இரு பக்கமும் துப்பாக்கி பேசத் தொடங்கிவிட்டது.

ஆகவே என் முடிவு இது. பிழை பெரும்பான்மை சிறியதாக இருந்ததில் இல்லை. நெருக்கமாக வென்றவரும் ஆளலாம், அடுத்த முறை தோற்கும் வாய்ப்பு அவருக்கு இருக்கும் வரை. 1982இன் கேள்வி அந்த அடுத்த முறையையே எடுத்துவிட்டது. தோற்றவர் மீண்டும் வெல்லும் வழியை அடைக்கும் அதிகாரம் 54 வீதத்துக்கும் இல்லை, 90 வீதத்துக்கும் இல்லை.

2024 மே மாதத்தில் ஐ.தே.க. பொதுச் செயலாளர் பாலித ரங்கே பண்டார, சர்வசன வாக்கெடுப்பின் மூலம் ஜனாதிபதியின் காலத்தையும் பாராளுமன்றத்தின் காலத்தையும் நீட்டலாம் என்று யோசனை சொன்னார். எதிர்ப்பு எழுந்தது, தேர்தல் உரிய காலத்தில் நடந்தது. என்றாலும் அரசியலமைப்பின் 83ஆம் உறுப்புரையில் அந்தக் கதவு இன்னும் திறந்தே இருக்கிறது. புதிய அரசியலமைப்பு எழுதுவோம் என்று சொல்பவர்கள் முதலில் அதை மூட வேண்டும்.