வண்டுகளும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

பாடநூலுக்குத் திறனாய்வு எழுதும் வழக்கம் நம் இதழ்களில் அரிது. ஐந்நூறு படிகள் அச்சான கவிதைத் தொகுதிக்கு நான்கு பக்க மதிப்புரை வருகிறது. இலட்சக்கணக்கான பிள்ளைகள் வரி விடாமல் மனனம் செய்யும் நூலோ, தேர்வு முடிந்த மறுநாள் பழைய தாள் கடைக்குப் போய்விடுகிறது. அது எதைச் சொன்னது, எதைச் சொல்லாமல் விட்டது என்று கேட்பார் இல்லை. உயிரியல் பாடத்தில் பரிணாமம் என்னும் பகுதியை முன்வைத்து அந்தக் கேள்வியை இங்கே கேட்க விழைகிறேன்.

ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, மத்திய ரிசர்வ் போலீஸ் படை, விமானப்படை ஆகியவற்றைச் சார்ந்த கேந்திரிய வித்யாலயங்கள் இருக்கின்றன. அங்கே படிக்கும் பிள்ளையின் கையில் இருப்பது தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் கழகத்தின் நூல். அம்பத்தூர் தொழிற்பேட்டைத் தொழிலாளியின் மகளும் பூவிருந்தவல்லி அரசுப் பள்ளி மாணவனும் படிப்பது தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் நூல். ஒரே தெருவில் வாழும் இரு பிள்ளைகளுக்கு உயிர்களின் வரலாறு இரு விதமாகச் சொல்லப்படுகிறது.

மத்திய நூலின் பழைய பதிப்பில், பத்தாம் வகுப்பில், சிவப்பு வண்டுகளின் கதை ஒன்று இருந்தது. பச்சைப் புதரில் பன்னிரண்டு சிவப்பு வண்டுகள் வாழ்கின்றன. அவற்றின் சந்ததியில் பச்சை வண்டு ஒன்று பிறக்கிறது. காகத்தின் கண்ணுக்குச் சிவப்பு தெரிகிறது, பச்சை தெரிவதில்லை. காலப்போக்கில் புதர் முழுதும் பச்சை வண்டுகளாகின்றன. அடுத்த கதையில் பிறப்பது நீல வண்டு. காகத்திற்குச் சிவப்பும் நீலமும் ஒன்றே. ஆனால் யானை ஒன்று வந்து புதரை மிதித்துவிடுகிறது. பிழைத்தவற்றில் பெரும்பாலானவை தற்செயலாக நீல வண்டுகள். பிறகு நீலமே பெருகுகிறது. மூன்றாவதில் செடிக்கு நோய் கண்டு, உணவின்றி வண்டுகள் மெலிகின்றன; செடி தேறியதும் பழைய எடைக்கு வருகின்றன. மெலிவு மரபில் ஏறவில்லை.

இதைக் காட்டிலும் தெளிவான உரைநடையை நான் எந்த அறிவியல் பாடநூலிலும் கண்டதில்லை. இயற்கைத் தேர்வு, தற்செயலால் நிகழும் மாற்றம், மரபில் ஏறாத மாற்றம் ஆகிய மூன்றையும் ஒரு காகம், ஒரு யானை, ஒரு செடிநோய் ஆகியவற்றைக் கொண்டே சொல்லி முடித்துவிட்டார்கள். யானைக்கு நீலத்தின்மேல் விருப்பம் ஏதும் இல்லை என்பதுதான் அதன் உயிர்நாடி. பரிணாமம் என்றால் வலியவன் வெல்வது என்று நம் மேடைகளில் முழங்குவோர் இந்த யானையைச் சந்திக்கவில்லை போலும்!

அந்தக் கதைதான் நீக்கப்பட்டது. பெருந்தொற்றுக் காலத்துப் பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று 2022இல் அறிவித்து, 2023–24 ஆம் கல்வியாண்டு நூலில் பரிணாமப் பகுதியை எடுத்துவிட்டு, இயலின் தலைப்பிலிருந்தும் அச்சொல்லை நீக்கினார்கள். 1,800க்கு மேற்பட்ட அறிவியலாளரும் ஆசிரியரும் கையொப்பமிட்டு மறுப்புத் தெரிவித்தனர். பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறதே என்பது விடை. பத்தாம் வகுப்புக்குப் பின் வணிகவியலுக்கும் ஐ.டி.ஐ.க்கும் போகிற பிள்ளைக்கு அந்த விடையால் என்ன பயன்? துருக்கி 2017இல் இதே பாடத்தைப் பள்ளியிலிருந்து விலக்குவதாக அறிவித்தபோது, மாணவர் வயதுக்கு இது மீறியது என்றார்கள். காரணங்கள் வேறு, இழப்பு ஒன்றே.

தமிழ்நாட்டு நூல் இத்தகைய வெட்டுக்கு ஆளாகவில்லை. 2019இல் வந்த பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’ என்று தனி இயலே உண்டு. பாராட்டுவோம். விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையின் கல்மரங்களைச் சொன்னதும் நன்று. ஆனால் இயல் முழுதும் பெயர்களின் அணிவகுப்பாக இருக்கிறது: லாமார்க் இன்னது சொன்னார், டார்வின் இன்னது சொன்னார், இன்ன உறுப்பு எச்ச உறுப்பு. மத்திய நூலின் யானை இங்கே இல்லை. திருவள்ளூர் மாவட்டத்திலேயே, பூண்டி நீர்த்தேக்கத்திற்கு அருகில், அத்திரம்பாக்கம் இருக்கிறது. அங்கே கிடைத்த கற்கருவிகளின் காலம் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் என்று 2011இல் அறிவிக்கப்பட்டது. ஆவடி மாணவன் ஒரு நாளில் போய்வரக்கூடிய இடத்தைவிடச் சிறந்த படவிளக்கம் எது?

எண்ணிக்கையும் விகிதமும் பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில்தான் வருகின்றன, ஹார்டி–வீன்பெர்க் விதி என்ற பெயரில். அங்கும் எடுத்துக்காட்டு வண்டுகளே. கருஞ்சாம்பல், வெண்சாம்பல் என இரு நிறம். மத்திய நூலின் வண்டுகளுக்கு ஒரு வாழ்க்கை இருந்தது. இவற்றிற்கு 0.3, 0.7 என்னும் எண்கள் மட்டுமே. 1908இல் இவ்விதியைச் சொன்ன ஹார்டி, 1913இல் சென்னையிலிருந்து கடிதம் எழுதிய இராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த அதே ஹார்டிதான். எத்தனை மாணவர் இதை அறிவர்?

விதியோ எளியது. ஐம்பது பேர் கொண்ட வகுப்பில் இருவரின் அடையாள அட்டையில் இரத்த வகை ‘நெகட்டிவ்’ என்றிருப்பதாகக் கொள்வோம். நூற்றுக்கு நான்கு. அதன் வர்க்கமூலம் 0.2, மற்றது 0.8. இரண்டையும் பெருக்கி இரட்டித்தால் 0.32. அதாவது அவ்வகுப்பில் ஏறத்தாழப் பதினாறு பேர், தாம் ‘பாசிட்டிவ்’ ஆக இருந்துகொண்டே அந்தக் காரணியை வெளித்தெரியாமல் சுமக்கிறார்கள். வண்டு எதற்கு?

இவ்விதிக்கு நிபந்தனைகள் உண்டு. அவற்றுள் ஒன்று, மணஉறவு குறிப்பின்றி அமைய வேண்டும் என்பது. நம் குடும்பங்களின் கதவை இந்த வரி நேரே தட்டுகிறது. மாமி மகளையும் மாமன் மகளையும் மணப்பது நம்மில் வழக்கம். மார்க்கம் அதை அனுமதித்தது, கடமையாக்கவில்லை. ஒரு நோய்க்காரணி நூற்றில் ஒன்று என்ற அளவில் இருப்பதாகக் கொண்டால், உறவல்லாத பெற்றோரின் குழந்தைகளில் 10,000க்கு ஒன்று அந்நோயோடு பிறக்கும். பெற்றோர் நேர் மாமன்–மாமி மக்களாயின் ஏறத்தாழ ஏழு. ஒரே மூதாதையின் காரணி இரு வழியாகவும் வந்து சேரும் வாய்ப்பு அங்கே பதினாறில் ஒன்று. நமக்கு விலக்கப்பட்டதும் தமிழகத்தின் பிற குடும்பங்களில் வழங்குவதுமான அக்காள் மகள் மணத்தில் அது எட்டில் ஒன்று. 10,000இல் 9,993 பிள்ளைகளுக்கு அந்நோய் இராது என்பதையும் அதே கணக்குதான் சொல்கிறது. அச்சுறுத்தவும் அது இடந்தரவில்லை, அலட்சியத்திற்கும் இடந்தரவில்லை. தாலசீமியா போன்ற நோயின் காரணியைச் சுமப்போரை நிக்காஹுக்கு முன் ஓர் இரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்கும். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய மணமகளுக்கு இதை யார் சொன்னார்கள்?

நீலகிரிப் பழங்குடியினரிடையே அரிவாள் வடிவ இரத்த அணு இருப்பது 1952இல் தெரியவந்தது. அக்காரணி ஒரு பங்கு இருந்தால் மலேரியாவுக்கு எதிராகக் காப்பு. இரு பங்கு இருந்தால் கொடு நோய். இயற்கைத் தேர்வை விளக்க நம் மண்ணிலேயே இப்படியொரு சான்று.

வீட்டுக்கும் இதில் பங்குண்டு. “தேர்வுக்கு எழுது, மனத்தில் கொள்ளாதே” என்று பிள்ளைக்குச் சொல்லி அனுப்பும் பெற்றோரை நாம் அறிவோம். நம்பிக்கை வேறு, விளங்கிக்கொள்வது வேறு. ஆதி மனிதரைப் பற்றிய நம் நம்பிக்கை இரத்த வகைக் கணக்கைப் போடும் கையைத் தடுப்பதில்லை. வேறு சிலரோ, ஒன்பதாம் நூற்றாண்டுப் பஸ்ராவின் அல்-ஜாஹிஸ் ‘கிதாபுல் ஹயவான்’ நூலில் டார்வினுக்கு முன்பே எல்லாம் சொல்லிவிட்டார் என்று மார்தட்டுகிறார்கள். உயிர்கள் ஒன்றையொன்று இரையாக்கி வாழ்வதை அவர் கூர்ந்து பார்த்து எழுதினார்; அது பெருமைதான். ஆனால் அவர் பார்த்தார், எழுதினார். அவர் பெயரைச் சொல்லிக்கொள்ளும் நாம் பாடநூலின் பக்கத்தைக்கூடப் புரட்டுவதில்லை.

பத்தாம் வகுப்பு நூலில் இக்கணக்குக்கு இடமில்லை என்று சொல்ல முடியாது. வேண்டுவது இரண்டு எண்களைக் கூட்டி வர்க்கிக்கும் சூத்திரம். அதைப் பிள்ளைகள் கீழ்வகுப்பிலேயே கற்றுவிடுகிறார்கள். அவ்வியலின் இறுதியில் வான் உயிரியலுக்குச் சில பத்திகள் ஒதுக்கியிருக்கிறார்கள். செவ்வாயில் உயிர் உண்டா என்ற கேள்வி இரண்டு ஆண்டுகள் காத்திருக்கலாம். அந்த இடத்தில் ஐம்பது அடையாள அட்டைகளின் கணக்கைப் போடச் சொல்லலாம்.