பெரிய பழுவேட்டரையர்: வீழ்ச்சியும் தன்னறிதலும்

பெரிய பழுவேட்டரையர், கல்கி (ரா. கிருஷ்ணமூர்த்தி, 1899–1954) எழுதிய 'பொன்னியின் செல்வன்' வரலாற்று நாவலின் முதன்மைப் பாத்திரங்களுள் ஒருவர். சோழநாட்டின் தனாதிகாரி. சுந்தர சோழரின் அவையில் அரசருக்கு அடுத்த அதிகாரம் கொண்டவர். நாவலின் தொடக்கத்தில் அதிகாரத்தின் உச்சியில் நிற்கும் அவர், முடிவில் தன் குற்றத்தைத் தானே எடுத்துரைத்து உயிர் துறக்கிறார். இக்கட்டுரை அவருடைய வீழ்ச்சியையும், அதன் வழியே அவர் தம்மை அறிந்துகொள்வதையும் ஆராய்கிறது. கல்வெட்டுகள் காட்டும் வரலாற்றோடும், நாவலின் வடபுலமான ஜவ்வாது மலையடிவாரத்துச் சான்றுகளோடும் அதனை ஒப்பிட்டு மதிப்பிடுகிறது.

நாவலும் பாத்திரமும்

'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வெளிவந்தது. புது வெள்ளம், சுழற்காற்று, கொலைவாள், மணிமகுடம், தியாகச் சிகரம் என ஐந்து பாகங்கள் கொண்டது. மணியம் ஓவியம் வரைந்தார். மணிரத்னம் இயக்கத்தில் 2022, 2023 ஆண்டுகளில் இரு பகுதிகளாகத் திரைப்படமாகவும் வந்தது. அதில் பெரிய பழுவேட்டரையராகச் சரத்குமார் நடித்தார்.

நாவலை வாசிக்கும் மாணவர்கள் பெரும்பாலும் வந்தியத்தேவனின் குறும்பையும், நந்தினியின் மர்மத்தையும், அருள்மொழிவர்மரின் பெருந்தன்மையையுமே நினைவில் கொள்கின்றனர். பழுவேட்டரையரைச் சதிகாரக் கிழவர் என்று கடந்து செல்வோர் பலர். ஆனால் நாவலில் பெரும் மாற்றம் அடையும் பாத்திரம் அவரே. வந்தியத்தேவன் கதை முழுதும் ஏறத்தாழ வந்தியத்தேவனாகவே இருக்கிறான். பழுவேட்டரையர் தொடங்கிய இடத்தில் முடியவில்லை.

உச்சி

வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் முதன்முதலில் காண்பது பழுவேட்டரையரின் பவனியை. முரசு ஒலிக்கிறது. கட்டியம் கூறுவோர் விருதுப் பெயர்களை அடுக்குகின்றனர். யானைமேல் முதியவர். பின்னால் பனை இலச்சினை பொறித்த திரையுடன் மூடுபல்லக்கு. இருபத்து நான்கு போர்களில் கலந்து, அறுபத்து நான்கு விழுப்புண் பெற்றவர் என்பது அவருடைய பெருமை. இந்த எண்ணைக் கல்கி பலமுறை நினைவூட்டுகிறார். உடலில் பட்ட காயங்களை எண்ணி வைத்திருக்கும் மனிதருக்கு உள்ளத்தில் பட்டதைக் கணக்கிடத் தெரியவில்லை.

மூடுபல்லக்கு அவருடைய வீழ்ச்சியின் சரியான குறியீடு. ஊரார் அதில் இளையராணி நந்தினி இருப்பதாக எண்ணுகின்றனர். கடம்பூர் மாளிகையில் நள்ளிரவில் கூடும் சிற்றரசர்களுக்கும் அதே எண்ணம். பல்லக்கிலிருந்து வெளிவருபவன் மதுராந்தகன். சுந்தர சோழருக்குப் பின் அவனை அரியணையில் ஏற்றுவதே கூட்டத்தின் நோக்கம். உலகத்தை ஏமாற்றிவிட்டதாகப் பழுவேட்டரையர் மகிழ்கிறார். அதே வேளையில் அவர் வீட்டுக்குள்ளேயே வேறொரு சதி மறைந்து வளர்கிறது. பாண்டிய மன்னனின் கொலைக்குப் பழிவாங்க வந்தவள் நந்தினி. தனாதிகாரியின் பொறுப்பில் உள்ள சோழநாட்டுப் பொன்னே சோழ இளவரசர்களைக் கொல்லத் துணிந்தோரின் கைக்குச் செல்கிறது. ஒளித்து வைப்பதில் வல்லவர் என்று தம்மை எண்ணியவரிடமே ஒளித்து வைத்தார்கள்.

வீழ்ச்சியின் படிகள்

வீழ்ச்சி ஒரு நாளில் நிகழவில்லை. மூன்று படிகளை நாவலில் பிரித்துக் காணலாம்.

முதலாவது, சொல் கேளாமை. தஞ்சைக் கோட்டைத் தலைவரான தம்பி சின்னப் பழுவேட்டரையர் நந்தினியைப் பற்றிப் பலமுறை எச்சரிக்கிறார். தமையன்மேல் உயிரையே வைத்திருக்கும் தம்பி அவர். ஆனால் பேச்சு இளையராணியைத் தொட்டவுடன் அண்ணனின் முகம் மாறுகிறது. அரசாங்கக் காரியத்தில் எவர் சொல்லையும் நிறுத்துப் பார்க்கும் மனிதர், தம் வீட்டுக் காரியத்தில் சொன்னவர்மேல் சினம் கொள்கிறார்.

இரண்டாவது, உரிமையாகிவிட்ட பொறுப்பு. தலைமுறை தலைமுறையாகச் சோழருக்கு உழைத்த குடி பழுவூர்க் குடி. அந்த உழைப்பின் பெயராலேயே, யார் அரசாள வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை தமக்கு உண்டு என்று அவர் நம்பத் தொடங்குகிறார். கடம்பூர்க் கூட்டத்தில் அவர் கூறும் காரணங்கள் முழுப்பொய் அல்ல. கண்டராதித்தரின் மகனுக்கு அரசுரிமை உண்டு என்ற வாதத்தில் நியாயமும் உள்ளது. அதனால்தான் இந்தப் பாத்திரம் வெறும் வில்லனாகச் சுருங்கவில்லை. நியாயம் உள்ள ஒன்றை நள்ளிரவில், மன்னர் அறியாமல் பேசியதே குற்றம்.

மூன்றாவது, முதுமையின் நாணம். இளம் மனைவியின் விரதத்தை நம்பிக் காத்திருக்கும் அவர், தம்மை ஊரார் நகைப்பதை அறிவார். அதை மறைக்க அதிகாரத்தை இன்னும் இறுகப் பற்றுகிறார்.

கண் திறத்தல்

ஐந்தாம் பாகத்தில் கல்கி அடுத்தடுத்த அத்தியாயங்களுக்கு இட்ட பெயர்கள் இவை: படகில் பழுவேட்டரையர், கரை உடைந்தது, கண் திறந்தது, மண்டபம் விழுந்தது, தூமகேது மறைந்தது. தலைப்புகளை மட்டும் படித்தாலே ஒரு மனிதரின் கதை தெரிகிறது.

கொள்ளிடத்துப் புயலில் பரிவாரம் சிதறுகிறது. யானை இல்லை, முரசு இல்லை, கட்டியம் இல்லை. சேற்றிலும் வெள்ளத்திலும் தனியாகக் கரையேறும் முதியவரை அடையாளம் காண ஒருவரும் இல்லை. அந்நிலையில்தான் சதிகாரர்களின் பேச்சு அவர் காதில் விழுகிறது. நந்தினி யார், தாம் யாருடைய கருவியாக இருந்தோம், ஆதித்த கரிகாலனுக்குக் கடம்பூரில் என்ன காத்திருக்கிறது என்பதெல்லாம் தெரிகிறது.

இதன்பின் அவர் செய்வதுதான் முக்கியம். தஞ்சைக்குத் திரும்பித் தம் பெயரைக் காத்துக்கொள்ளும் வழி அவருக்கு இருந்தது. அவர் கடம்பூருக்கு விரைகிறார். எந்தக் கரிகாலனின் பட்டத்தைப் பறிக்கத் திட்டமிட்டாரோ, அவனுடைய உயிரைக் காக்க ஓடுகிறார். யானைமேல் கட்டியத்துடன் நுழைந்த அதே மாளிகைக்குள் இம்முறை காளாமுகர் வேடத்தில் நுழைகிறார். கரிகாலனைக் காக்க முடியவில்லை.

இளவரசனைக் கொன்ற பழி வந்தியத்தேவன்மேல் விழுகிறது. வாய் திறக்காமல் இருந்தால் பழுவேட்டரையர் தப்பியிருக்கலாம். நாடற்ற ஓர் இளைஞன் தண்டனை பெற்றால் கேட்க ஆளில்லை. ஆனால் அவர் அரச குடும்பத்தினர் முன் நின்று, தம் சதியையும் மோகத்தையும் வெளிப்படச் சொல்கிறார். கரிகாலன் மரணத்தின் பழியைத் தம்மேல் ஏற்கிறார். தம் வாளாலேயே தமக்குத் தண்டனை விதித்துக்கொள்கிறார். இறுதியில், நந்தினி தம்மைக் கெடுத்தாள் என்று அவர் சொல்லவில்லை. தாம் கெட்டதாகச் சொல்கிறார். தன்னறிதல் என்பது இந்த எழுவாய் மாற்றமே.

தூமகேதுவும் பொறுப்பும்

நாவல் முழுதும் வானில் வால் நட்சத்திரம் தோன்றுகிறது. அரச குலத்தில் ஒருவருக்குக் கேடு வரும் என்று அரண்மனை முதல் குடிசை வரை அஞ்சுகின்றனர். குடந்தை சோதிடரும் இதைப் பற்றிப் பேசுகிறார். வால் நட்சத்திரத்தைக் காட்டி, நடந்தவை எல்லாம் விதி என்று சொல்லிவிடக் கதையில் பலருக்கு இடம் இருக்கிறது. பழுவேட்டரையர் அந்த இடத்தைப் பயன்படுத்தவில்லை.

ஜவ்வாது மலையின் காவலூரில் வேணு பாப்பு வான் ஆய்வகம் உள்ளது. 1986-இல் அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி பயன்பாட்டுக்கு வந்தது. ஆய்வகத்துக்குப் பெயர் தந்த வேணு பாப்பு, ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது 1949-இல் ஒரு வால் நட்சத்திரத்தைக் கண்டறிந்தவர்களுள் ஒருவர். மறு ஆண்டு கல்கியின் தொடர் தொடங்கியது. வால் நட்சத்திரம் தன் பாதையில் செல்லும் ஒரு வான்பொருள் என்பதை அறிந்த காலத்தில்தான் கல்கி எழுதினார். ஆகவே தூமகேதுவைக் கதைமாந்தரின் நம்பிக்கையாக வைத்து, வீழ்ச்சியின் காரணத்தை மனிதரின் செயலில் வைத்தார் எனக் கொள்ளலாம்.

வரலாறு கூறுவது

வரலாற்றில் பழுவேட்டரையர் வீழவில்லை. முதலாம் பராந்தகன் பழுவேட்டரையர் மகளை மணந்தான் என்றும், அவர்கள் மகனே அரிஞ்சயன் என்றும் அன்பில் செப்பேடு கூறுகிறது. அரிஞ்சயனின் மகன் சுந்தர சோழர். அதாவது நாவலின் மன்னர் உடலில் பழுவூர்க் குருதியும் ஓடியது. முதலாம் இராசராசன் காலத்திலும் பழுவேட்டரையர் பெயர் கல்வெட்டுகளில் இடம்பெறுகிறது. அவர்கள் கரிகாலன் கொலையில் தொடர்புடையவர்கள் என்பதற்குச் சான்று இல்லை.

கொலையில் தொடர்புடையோரை வேறொரு கல்வெட்டு பெயர் சொல்லிக் காட்டுகிறது. காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் உள்ள அது, இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. சோமன், இரவிதாசன், பரமேசுவரன் என்ற உடன்பிறந்தோரையும் அவர்களுடைய உறவினரையும் குறிப்பிட்டு, அவர்களுடைய நிலங்கள் பறிக்கப்பட்டதை அது கூறுகிறது. இரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராசன் என்றும், பரமேசுவரனுக்கு இருமுடிச்சோழ பிரமாதிராசன் என்றும் பட்டப்பெயர்கள் உள்ளன. இவை அரசு உயர் அலுவலர்க்கு உரியவை. அப்படியானால் உண்மையில் வீழ்ந்த அவையோர் இவர்களே.

கல்கி இதை மாற்றி அமைத்தார். இரவிதாசனைக் காட்டில் திரியும் பாண்டிய ஆபத்துதவி ஆக்கினார். அவையோரின் வீழ்ச்சியைப் பழுவேட்டரையருக்குக் கொடுத்தார். வரலாற்றுப் பிழை என்று இதை ஒதுக்கலாகாது. கல்வெட்டு குற்றவாளியின் பெயரையும் நிலத்தின் கணக்கையும் தருகிறது. அவன் இரவில் உறங்கினானா என்பதைத் தருவதில்லை. அதைச் சொல்ல, தன் பிழையை உணரும் வலிமை உள்ள ஒரு பாத்திரம் நாவலாசிரியருக்குத் தேவைப்பட்டது. அதே சமயம், கதையில் வரும் பழியை வரலாற்றுப் பழுவூர்க் குடியின்மேல் ஏற்றக்கூடாது என்பதை மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

ஜவ்வாது மலையடிவாரச் சான்றுகள்

பழுவேட்டரையரின் வாக்குமூலத்தால் பழி நீங்கும் வந்தியத்தேவனைக் கல்கி வாணர் குலத்தவனாகப் படைத்தார். வாணர் ஆண்ட பெரும்பாணப்பாடி, ஜவ்வாது மலைக்கு வடக்கே பாலாற்றுப் பகுதியில் பரவியிருந்தது. அவர்களோடு தொடர்புடைய திருவல்லம் இன்றைய வேலூர் மாவட்டத்தில் உள்ளது. முதலாம் பராந்தகன் வாணரை வென்று அவர்களுடைய பட்டத்தைக் கங்க மன்னன் இரண்டாம் பிருதிவீபதிக்கு வழங்கினான். ஆகவே வந்தியத்தேவன் ஏற்கெனவே வீழ்ந்துவிட்ட குடியின் பிள்ளை. இழக்க ஒன்றுமில்லாத அவனும், இழப்பதற்கு எல்லாம் உடைய பழுவேட்டரையரும் கதையின் இரு முனைகள். இறுதியில் பெரியவரின் சொல் இளையவனின் உயிரைக் காக்கிறது.

மலைத்தொடரின் கிழக்கே, போளூருக்கு அருகில் திருமலை உள்ளது. அங்குள்ள சமணக் கோயில் குந்தவை சினாலயம் எனப் பெயர் பெற்றது. நாவலின் இளையபிராட்டி குந்தவை, தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியாகக் குறிக்கப்படுகிறார்.

மலையடிவாரத்துச் செங்கம் பகுதியில் பல்லவர் காலம் தொட்டு நடப்பட்ட நடுகற்கள் பல கிடைத்துள்ளன. கவரப்பட்ட ஆநிரையை மீட்கப் போராடி இறந்தோரின் நினைவுக் கற்கள் அவற்றுள் பல. நடுகல் ஒருவன் எப்படி இறந்தான் என்பதைப் போற்றுகிறது. அறுபத்து நான்கு விழுப்புண் பெற்ற பழுவேட்டரையர் அத்தகைய கல்லுக்கு உரியவராகவே வாழ்வைத் தொடங்கினார். அவருடைய கடைசிக் காயம் பகைவரால் வந்ததல்ல. நடுகல் மரபில் இடமில்லாத அந்தக் காயத்தை நாவல் பதிவு செய்கிறது.

குறைகள்

பாத்திரப் படைப்பில் குறைகளும் உண்டு. பழுவேட்டரையருக்கு உண்மை தெரிவது ஒளிந்திருந்து கேட்பதன் மூலம். நாவலில் இந்த உத்தி பல இடங்களில் வருகிறது. வாரந்தோறும் வெளிவரும் தொடருக்கு அது ஏற்றது. ஆனால் உள்ளிருந்து எழ வேண்டிய அறிவு வெளியிலிருந்து வருவதாகத் தோன்றச் செய்கிறது.

இரண்டாவதாக, அவருடைய மோகம் விரிவாகப் பேசப்படும் அளவுக்கு அரசியல் பிழை பேசப்படவில்லை. கருவூலத்தை நம்பிக்கையாக ஒப்படைத்த குடிமக்களுக்கு அவர் என்ன பதில் சொல்வார் என்ற கேள்வி நாவலில் எழவில்லை.

மூன்றாவதாக, நந்தினியின் கவர்ச்சிமேல் பெருஞ்சுமை ஏற்றப்படுகிறது. பழுவேட்டரையரே அவளைக் குறை கூறாமல் விடும்போது, கதைசொல்லும் குரல் பல இடங்களில் அவளையே காரணமாகக் காட்டுகிறது.

மதிப்பீடு

தமிழ் வரலாற்று நாவல்களில் வீரர்கள் வெல்வதும் சதிகாரர்கள் தண்டனை பெறுவதும் வழக்கம். தண்டிக்க ஒருவரும் இல்லாத இடத்தில் தன்னைத் தானே விசாரிக்கும் அதிகாரியை அவற்றில் அரிதாகவே காண்கிறோம். அந்த அரிய இடத்தைப் பெரிய பழுவேட்டரையர் பெறுகிறார். பதவி போனபின் மனிதரிடம் எஞ்சுவது என்ன என்ற கேள்விக்கு, ஓர் உண்மையைச் சொல்லும் துணிவு என்று அவருடைய முடிவு விடை தருகிறது. அந்தத் துணிவால் குற்றமற்ற ஓர் இளைஞன் சிறையிலிருந்து வெளியே வருகிறான். இந்தப் பாத்திரத்தை மறுபடி வாசிக்கப் போகும் மாணவர்கள், வீரநாராயண ஏரிக்கரைப் பவனியையும் ஐந்தாம் பாகத்தின் புயலையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தல் நலம்.