உடற்கூற்றுச் சொற்களும் நம் மக்களும்

பொருள் விளங்காத சொல்லுக்கு அஞ்சுவது நம் மக்களிடம் நெடுங்காலமாக வேரூன்றிய வழக்கம். மணப்பந்தலிலும் சாவு வீட்டிலும் புரியாத மந்திரத்தைக் கேட்டுக் கைகட்டி நின்றோம். பொருள் தெரியாமையே அம்மந்திரத்துக்குப் பெருமையாகவும், அதை ஓதியவருக்கு வருவாயாகவும் இருந்தது. 1929-ஆம் ஆண்டு இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்து பேசிய காலந்தொட்டு, "இதற்குப் பொருள் என்ன?" என்று கேட்கும் துணிவு நம்மிற் பலருக்குப் பிறந்தது. கோயிலிலும் கலியாணத்திலும் பிறந்த அத்துணிவு ஆஸ்பத்திரி வாயிலை எட்டும்போது மட்டும் ஏன் செத்துப்போகிறது? மருத்துவர் எழுதிய தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "என்னவோ வாயில் நுழையாத பேர் சொன்னார்கள்" என்று திரும்பி வருவோர் குளுவாங் பட்டணத்திலும் உண்டு, அதைச் சூழ்ந்த தோட்டங்களிலும் உண்டு. அந்த வாயில் நுழையாத பேர்களைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒன்றைத் தெளிந்துகொள்ள வேண்டும். மூளையையும் நரம்பையும் பற்றிய பெருஞ்சொற்கள் பிறக்கும்போது பெருஞ்சொற்களாகப் பிறக்கவில்லை. கிரேக்கரும் ரோமரும் தம் வீட்டிலும் தோட்டத்திலும் கடற்கரையிலும் கண்ட பொருள்களுக்கு வழங்கிய பெயர்களே உடலுக்குள் கண்ட உறுப்புகளுக்கும் இடப்பட்டன. நினைவைப் பதித்துவைக்க உதவும் பகுதியை ஹிப்போகேம்பஸ் என்பர். அதற்குக் கடற்குதிரை என்று பொருள். அச்சத்தை உணர்த்தும் அமிக்டலா என்பது வாதுமைக் கொட்டை. செவிக்குள் இருக்கும் கோக்லியா நத்தை. தலாமஸ் உள்ளறை. பான்ஸ் பாலம். தலையிலிருந்து புறப்பட்டுக் கழுத்து வழியே இருதயம், நுரையீரல், இரைப்பை என்று சுற்றிவரும் வேகஸ் நரம்பின் பெயர் அலைந்து திரிபவன் என்பதேயாம். நரம்புச் செல்லின் கிளைகளாகிய டென்டிரைட் என்பதற்கு மூலம் மரம் என்ற சொல். ரோமாபுரியின் சமையற்காரிக்கும் வண்டிக்காரனுக்கும் விளங்கிய சொற்கள் இவை.

நம் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். குளுவாங் என்பது பழந்தின்னி வௌவாலைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. இதை அறிந்தவனுக்கு அப்பெயர் ஒருநாளும் மறவாது. அறியாதவனுக்கோ அது வெறும் ஒலி. உடற்கூற்றுச் சொற்களின் நிலையும் அதுவே. சொல் கடினமானதன்று, அதன் பொருளை மூடிய திரைதான் கடினமானது. அத்திரையை நீக்காமல் ஒலியை மட்டும் மனப்பாடம் செய்யும் மாணவன், பொருளறியாது மந்திரம் ஓதுவானினும் எவ்வகையில் உயர்ந்தவன்?

உச்சரிப்புக்கும் இதுவே வழி. செய்யுளைப் படிக்கும் பிள்ளைக்கு நாம் சீர் பிரிக்கக் கற்பிக்கிறோம். அடி முழுவதையும் ஒரே மூச்சில் விழுங்கச் சொல்வதில்லை. மருத்துவச் சொல்லுக்கும் சீர் உண்டு. ஹெமிபிளீஜியா என்பதை ஹெமி, பிளீஜியா என்று பிரித்தால், பாதி என்றும் அடி என்றும் பொருள்படும். உடலின் பாதியில் விழுந்த அடி. அஃபேசியா என்பதில் முதலெழுத்து இன்மையைக் காட்டும், எஞ்சியது பேச்சு. ஆகவே அது பேச்சிழப்பு. மெனிஞ்சைட்டிஸ் என்பதன் ஈற்றில் வரும் ஐட்டிஸ் எங்கு வந்தாலும் அழற்சியைக் குறிக்கும். முன்னிற்பது மூளையைச் சூழ்ந்த உறை. இவ்விதம் இருபது முப்பது சீர்களை அறிந்தவன் பல நூறு சொற்களைத் தடையின்றிச் சொல்லவும் உணரவும் கூடும். பொருள் தெரிந்த இடத்தில் நாக்குத் தடுமாறுவது அரிது.

இனித் தமிழில் இத்துறை எவ்வாறு வளர்ந்தது என்பதைப் பார்ப்போம். அமெரிக்க நாட்டு உஸ்டர் நகரில் 1822-இல் பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற மருத்துவர் 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். அவர் மதம் பரப்ப வந்த கூட்டத்தைச் சேர்ந்தவர்; அந்நோக்கம் பற்றி நமக்கு வேறு கருத்து உண்டு. ஆயினும் மானிப்பாயில் இருந்து அவர் செய்த வேலை வேறெவரும் அதற்குமுன் செய்யாதது. 1864 முதல் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். முப்பதுக்கு மேற்பட்டோர் அவ்வாறு தமிழிற் படித்து மருத்துவராயினர். ஆங்கிலத்திற் படித்தவர்கள் அரசாங்கச் சம்பளத்தை நாடிக் கிராமத்தைவிட்டுப் போவதைக் கண்டு, தமிழிற் படித்தவன் தமிழ்க் குடியானவனிடையே தங்குவான் என்று அவர் கருதினார். 1884-இல் அவர் இறந்தபோது, தமிழர்க்கு மருத்துவத் தொண்டு செய்தவர் என்ற அடையாளமே அவர் விருப்பப்படி கல்லறையில் பொறிக்கப்பட்டது.

கிறீன் வெளியிட்ட நூல்களின் தலைப்புகளை மட்டும் எடுத்து மதிப்பிட்டாலும் கலைச்சொல் ஆக்கத்தின் மூன்று நெறிகள் விளங்கும். 1867-இல் வந்தது இரணவைத்தியம். இரணம் என்றால் புண் என்பது பாமரருக்கும் தெரியும். அறுவை மருத்துவம் பற்றிய நூல் என்று அவர் உடனே உணர்வர். 1872-இல் வந்தது மனுஷ அங்காதிபாதம். இலண்டனில் 1858-இல் வெளிவந்த கிரே என்பாரின் புகழ்பெற்ற உடற்கூற்று நூலின் தமிழாக்கம் அது. உழைப்பில் மலையை ஒத்தது, தலைப்பிலோ சறுக்கல். அச்சொல்லைப் பிரித்துப் பொருள் காண்பதற்கு ஒரு பண்டிதரைக் கூப்பிட வேண்டும். கிரேக்கத் திரையை விலக்கிவிட்டு அதன் இடத்தில் வடமொழித் திரையைத் தொங்கவிட்டதாயிற்று. 1875-இல் வந்தது கெமிஸ்தம். இங்கே அவர் ஆங்கிலச் சொல்லையே எடுத்துத் தமிழ் ஈறு கொடுத்து நிறுத்தினார். அது நிலைக்கவில்லை, ஆயினும் ஏமாற்றுவதன்று. தன்னை அயற்சொல் என்று ஒப்புக்கொண்டு, தமிழ் நாவுக்கேற்ப உடை மாற்றிக்கொண்டு வந்த சொல் அது. தமிழில் சொல் இருந்தால் அதையும், இல்லையேல் வடமொழியையும், அதுவும் இல்லையேல் ஆங்கிலத்தையும் கொள்வது என்பது அவர் முறை. இதில் நடுப்படியை நீக்கிவிட்டால் இன்றைக்கும் பொருந்தும் முறை என்பது எம் கருத்து.

கிறீனுக்குப் பின் அந்த நடுப்படியைப் பற்றியே தமிழகத்தில் பெருஞ்சண்டை நடந்தது. 1940-இல் சென்னை அரசாங்கம் சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் கலைச்சொற் குழு ஒன்றை அமைத்தபோது, வடமொழிச் சார்பு மேலோங்குமென்று தமிழன்பர்கள் எதிர்த்தனர். எதிர்த்தது நியாயமே. ஆனால் இரு சாராரும் சொல் எந்தக் குலத்தில் பிறந்தது என்பதைப் பற்றியே பெரிதும் வாதாடினர். அச்சொல்லை யார் சொல்லப் போகிறார், சொன்னால் அவர் கண்முன் உறுப்பு தோன்றுமா என்ற கேள்விக்கு முதலிடம் கிடைக்கவில்லை. மனிதனைப் பிறப்பால் மதிப்பது தவறு என்னும் நாம், சொல்லையும் பயனால் மதிக்கக் கற்க வேண்டும்.

இந்த உரைகல்லில் இன்றைய பாடநூற் சொற்களை உரைத்துப் பார்ப்போம். சிறுமூளை என்பது மாசற்ற பொன். செரிபெல்லம் என்பதற்கும் சிறிய மூளை என்பதே பொருள். தண்டுவடம் அதனினும் மேலானது; தண்டின் உள்ளே ஓடும் வடம் என்று கேட்டவுடன் உறுப்பு கண்ணில் நிற்கிறது. முகுளம் என்பது அத்துணை நன்றன்று. மூச்சையும் இருதயத் துடிப்பையும் ஆளும் அப்பகுதிக்கு மொட்டு என்ற பொருளில் இட்ட பெயர் அது. மொட்டு என்றே சொல்லியிருக்கலாம். பெருமூளையின் மேற்பரப்பைப் புறணி என்கிறார்கள். அகராதியில் அதற்கு மரப்பட்டை என்ற பொருள் உண்டு. ஆனால் நம் மக்கள் அறிந்த புறணி, அண்டை வீட்டாரைப்பற்றி முதுகுக்குப் பின்னால் பேசுவது.

பட்டை என்று சொன்னால் என்ன குறை? ஆங்கிலர் வழங்கும் கார்ட்டெக்ஸ் என்ற சொல்லுக்கும் இலத்தீனில் பட்டை என்பதே பொருள். பட்டையைப் பற்றி ஜொகூர்த் தோட்டத் தமிழனுக்கு யார் பாடம் சொல்ல வேண்டும்? பால்மரத்தின் பால் நடுவயிரத்தில் இல்லை, மெல்லிய பட்டையில்தான் ஓடுகிறது என்பதையும், கத்தி சற்று ஆழமாகப் போனால் மரம் காயப்படும் என்பதையும் தலைமுறை தலைமுறையாகக் கையால் அறிந்தவன் அவன். மூளையிலும் அப்படியே. எண்ணமும் பேச்சும் பார்வையும் நடைபெறும் பட்டையின் கனம் ஏறத்தாழ 2 முதல் 4 மில்லிமீட்டர் மட்டுமே. இன்று பால்மரம் பெரும்பாலும் செம்பனைக்கு இடம் விட்டுவிட்டது. மரம் சீவியோரின் பிள்ளைகள் பட்டணத்துத் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டனர். எனினும் அந்த அறிவு வீடுகளில் இன்னும் இருக்கிறது. "மூளையின் பட்டையில் காயம்" என்று ஒரு மருத்துவர் சொன்னால் குளுவாங்கின் முதியவர் எவருக்கும் அது விளங்கும்.

எல்லோரும் அறிந்த சொல்லாக இருந்தாற் போதுமா என்றால், போதாது. நரம்பு என்ற சொல்லைப் பாருங்கள். யாழின் தந்திக்கு நம் முன்னோர் இட்ட பெயர் அது. கிரேக்கர் நியூரோன் என்றதும் வில்லின் நாணையும் தசைநாரையும் குறித்த சொல்லே. இரண்டு நாட்டாரும் ஒரே உவமையைக் கண்டிருக்கிறார்கள். ஆனால் நாம் கையில் புடைத்துத் தெரியும் இரத்தக் குழாயையும் நரம்பு என்கிறோம். சுளுக்கிக்கொண்ட தசைநாரையும் நரம்பு என்கிறோம். மலாய்க்காரர் வழங்கும் ஊராட் என்ற சொல்லும் இம்மூன்றையும் குறிக்கும். "நரம்பு இழுக்கிறது" என்று தமிழர் சொல்லி, அதை ஊராட் என்று மொழிபெயர்த்து, கேட்பவர் தமக்குத் தோன்றியதைக் கொள்வாராயின், எந்த உறுப்பைப் பற்றிப் பேசினார்கள் என்பது யாருக்குத் தெரியும்? ஆதலால் இரத்தக் குழாய், தசைநார், நரம்பு என மூன்றையும் பிரித்துச் சொல்ல நாம் பழக வேண்டும். பழஞ்சொல்லைப் போற்றுவது நன்று. அதன் எல்லையை வகுப்பது அதனினும் நன்று.

இதனினும் பெரிய கேடு வாதம் என்ற சொல்லால் விளைகிறது. வாதம் என்றால் காற்று. பக்கவாதம் என்றால் ஒரு பக்கம் பிடித்த காற்று. மலாயில் இதனை ஆங்ஙின் அஹ்மார் என்பர். செங்காற்று என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் ஸ்ட்ரோக் என்றால் அடி. மூன்று மொழிப் பெயர்களும் நோயின் காரணத்தைத் தவறாகவே சொல்கின்றன. காற்றும் இல்லை, கண்ணுக்குத் தெரியாத கையின் அடியும் இல்லை. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ வருவது இந்நோய். காற்று என்று நினைத்தவன் எண்ணெய் தேய்ப்பான், மந்திரிப்பவரைத் தேடுவான், "காலையில் பார்ப்போம்" என்று படுக்கப் போடுவான். மருத்துவமோ கடிகாரத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. அடைப்பைக் கரைக்கும் மருந்தை நோய் தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். பெரும் அடைப்பு நேர்ந்து மருத்துவம் செய்யாமல் விட்டால் ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 இலட்சம் நரம்புச் செல்கள் மடிகின்றன என்று 2006-இல் ஆராய்ச்சியாளர் கணக்கிட்டனர். அடைப்பா, வெடிப்பா என்பதை ஆஸ்பத்திரியில் படமெடுத்தே அறிய முடியும். வீட்டில் ஊகித்து மருந்து கொடுத்தல் ஆகாது. முகம் ஒரு பக்கம் கோணினாலும், ஒரு கை தூக்க முடியாது தொய்ந்தாலும், பேச்சுக் குழறினாலும் உடனே 999-ஐ அழைக்க வேண்டும். ஒரு தவறான சொல் ஓர் உயிரின் நாலரை மணி நேரத்தைத் தின்றுவிடும் என்றால், சொல்லாராய்ச்சி பண்டிதர்களின் பொழுதுபோக்கு என்று இனி யார் சொல்வார்? "மூளையில் இரத்தம் அடைத்துக்கொண்டது" என்று தெளிந்த தமிழில் சொல்வோம். அவ்வாறு சொன்ன வாய் எண்ணெய்க் குப்பியைத் தேடாது.

"தமிழ்ச் சொல்லைக் கற்று என்ன பயன்? ஆஸ்பத்திரியில் மலாயும் ஆங்கிலமும் அல்லவா நடக்கிறது?" என்று சிலர் கேட்பர். தமிழ்ப் பள்ளியிலிருந்து இடைநிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளை நரம்பு, சாராஃப், நெர்வ் என்று ஒரே பொருளுக்கு மூன்று பெயர்களைச் சுமக்கிறது என்பது மெய். ஆனால் பொருள் ஒரு மொழியில் வேர்விட்டால்தான் மற்ற இரண்டும் கிளையாக நிற்கும். வேரில்லாத மூன்று கிளைகளைக் கையில் வைத்திருப்பவனுக்கு மரம் ஏது? தமிழால் பொருளை உணர்ந்தவன் மலாய்ச் சொல்லை அச்சமின்றிக் கற்பான்; ஆங்கிலச் சொல்லையும் சீர் பிரித்துச் சொல்வான். அயற்சொல்லை வெறுக்கும்படி நாம் கூறவில்லை. அதன்முன் கைகட்டி நிற்க வேண்டாம் என்றே கூறுகிறோம்.

ஆகவே நம் சங்கங்களும் மன்றங்களும் விழா மேடைகளில் செலவிடும் பொழுதில் ஒரு சிறு பகுதியை இதற்கு ஒதுக்க வேண்டும். ஐம்பது உடற்கூற்றுச் சொற்களை எடுத்து, தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் ஒலியைத் தமிழெழுத்தில் எழுதி, ஒவ்வொன்றின் பொருளையும் ஒரே வரியில் விளக்கி ஒரு தாள் அச்சிட்டால், அது பத்து வாழ்த்து மடல்களினும் பயன்படும். தமிழறிந்த மருத்துவர்களும் தாதியர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் முன்வர வேண்டும். மக்களும் தம் கடமையைச் செய்ய வேண்டும். அடுத்த முறை மருத்துவர் ஒரு பெரும்பெயரைச் சொல்லும்போது தலையாட்டிவிட்டு எழுந்து வராதீர்கள். "ஐயா, அந்தச் சொல்லை மெதுவாகச் சொல்லுங்கள், அதற்குப் பொருள் என்ன?" என்று கேளுங்கள். மந்திரத்தைக் கேட்ட வாய்க்கு மருத்துவத்தைக் கேட்கவும் உரிமை உண்டு.