பதினைந்துக்கும் இருபத்தாறுக்கும் நடுவே

முன் சக்கரங்களுக்கு 15 பவுண்டு காற்று, பின் சக்கரங்களுக்கு 26 பவுண்டு. அமெரிக்க வழக்கறிஞர் ரால்ஃப் நேடர் 1965 நவம்பரில் வெளியிட்ட 'அன்சேஃப் அட் எனி ஸ்பீட்' புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் வரும் இந்த இரண்டு எண்களும் எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சலிப்பதில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் தயாரித்த கோர்வேர் காரைப் பற்றிய அத்தியாயம் அது. அந்தக் காருக்கு எஞ்சின் பின்னால் இருந்தது; பாரத்தில் பெரும்பங்கு பின் சக்கரங்களின் தலையில். வளைவில் சற்று வேகமாகத் திருப்பினால் பின் சக்கரம் உள்பக்கமாக மடிந்து வண்டியே புரளப் பார்க்கும். முன்பக்கம் ஒரு கம்பி சேர்த்திருந்தால் இந்த ஆட்டம் குறைந்திருக்கும். நிறுவனம் அந்தக் கம்பியின் செலவை மிச்சம் பிடித்துவிட்டு, டயர் காற்றில் வித்தியாசம் வைத்துச் சமாளித்தது.

அந்த வித்தியாசத்தைக் காப்பாற்ற வேண்டியவர் யார்? இங்கேதான் நேடரின் எழுத்து அழகு காட்டுகிறது. பொறியாளரின் மேசையில் பிறந்த சிக்கல், வண்டியோடு வரும் கையேட்டுக்குப் போகிறது. கையேட்டிலிருந்து காரின் சொந்தக்காரருக்கு. அவரிடமிருந்து பெட்ரோல் நிலையத்தில் காற்றடிக்கும் பையனுக்கு. அவன் நான்கு சக்கரத்துக்கும் ஒரே அளவாக அடித்து அனுப்புவான். உலகமெங்கும் வழக்கம் அதுதானே! கோடிகள் புரளும் ஒரு நிறுவனத்தின் பொறுப்பு, கடைசியில் ஒரு பையன் பிடித்திருக்கும் ரப்பர் குழாயின் முனையில் வந்து நிற்கிறது. நேடர் இதை உரக்கச் சொல்வதில்லை. எண்களை வைக்கிறார், அவை கைமாறும் வழியைக் காட்டுகிறார். வெறுமனே திட்டி எழுதியிருந்தால் பத்து வரியில் முடிந்து, ஓராண்டில் மறந்தும் போயிருக்கும்.

அத்தியாயத்தை அடுக்கியிருக்கும் முறையைப் பாருங்கள். காற்றழுத்தக் கணக்கு முதலில் வருவதில்லை. கலிபோர்னியாவின் சாந்தா பார்பரா ஊரில் இந்தக் கார் கவிழ்ந்து இடது கையை இழந்த ஒரு பெண்ணிடமிருந்துதான் அத்தியாயம் தொடங்குகிறது. வழக்கு முடியும்வரை காத்திருக்காமல் நிறுவனம் 1964இல் 70,000 டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டதைச் சொல்லிவிட்டு, அதன் பிறகே அச்சு, சக்கரம், கம்பி என்று பின்னோக்கி நடக்கிறார். கையைப் பார்த்தவன் கணக்கை விடமாட்டான் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. 15, 26 என்ற எண்கள் வரும்போது நாம் அவற்றைப் பொறியியலாகப் படிப்பதில்லை. அந்தப் பெண்ணின் கையோடு சேர்த்தே படிக்கிறோம்.

மொட்டைத் தாத்தன் குட்டையில் விழுந்த கதையாக எழுதும் பழக்கம் நம்மிடம் நிறைய உண்டு. 'முதலாளிகள் சுரண்டுகிறார்கள்' என்போம். எந்த முதலாளி, எந்த ஆண்டு, எத்தனை காசு என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். நேடரிடம் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

டயர் என்றதும் மலாக்காக்காரர்களுக்கு நெஞ்சில் ஒரு தட்டுத் தட்டும். மலாயாவில் முதன்முதலாக வணிகத்துக்கென்று ரப்பர் நட்ட இடம் நம் புக்கிட் லிந்தாங். 1890களின் நடுவில் டான் சே யான் அங்கே நட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த சில ஆண்டுகளில் புக்கிட் அசகானில் ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு விரித்தார். அதன் பிறகு ஜாசின், மெர்லிமாவ், செர்காம், கெமெண்டோர், அலோர் காஜா என்று பால் மரம் போன இடமெல்லாம் தமிழர் லயங்களும் போயின. உலகத்துக்குக் கார் வந்த கதையின் மறுபாதி நம் நிரைகளில்தான் நடந்திருக்கிறது. அதனாலோ என்னவோ, நேடரின் உரைநடையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மரம் சீவும் கைதான் நினைவுக்கு வரும். பட்டையில் கத்தி ஒரு மயிரிழை ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். மேலோட்டமாகப் போனால் மங்கில் பால் விழாது. தோட்டத்தில் நல்ல வெட்டுக்காரர் என்று பேரெடுத்தவர்கள் அந்த மயிரிழைக்குள் நின்றவர்கள். நேடரும் தம் நல்ல பக்கங்களில் அதற்குள் நிற்கிறார்.

அந்தக் காலத்துக் கார் நிறுவனங்கள் விபத்துக்கெல்லாம் ஓட்டுநரையே கைகாட்டின. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நம்மவர்கள் கேட்பார்களே, அந்தக் கேள்விதான் இந்தப் புத்தகத்தின் முதுகெலும்பு. 'இரண்டாவது மோதல்' பற்றிய அத்தியாயத்தில் அது கூர்மையாக வெளிப்படுகிறது. கார் மரத்தில் மோதுவது முதல் மோதல். உள்ளே இருப்பவரின் உடம்பு காரின் உட்புறத்தில் மோதுவது இரண்டாவது. முதலாவதற்கு ஓட்டுநரின் தவறு காரணமாக இருக்கலாம். ஆனால், நெஞ்சைக் குத்தும் ஸ்டீயரிங் தண்டையும் நெற்றியைக் கிழிக்கும் குமிழையும் வரைந்தது யார்? ஒரு நொடிக்குள் நடந்து முடிவதை இரண்டாகப் பிளந்து, இரண்டாம் பாதியின் பொறுப்பை வேறு வாசலில் கொண்டுபோய் இறக்குகிறார்.

பிறகு நடந்தது பலருக்கும் தெரிந்ததே. ஜெனரல் மோட்டார்ஸ் துப்பறிவாளர்களை அமர்த்தி நேடரின் தனி வாழ்க்கையைத் துருவியது. 1966 மார்ச்சில் அதன் தலைவர் செனட் குழுவின் முன் மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தம் அந்தரங்கத்தில் தலையிட்டதற்காகத் தொடுத்த வழக்கில் 1970இல் கிடைத்த 4,25,000 டாலரை அவர் மேலும் போராடச் செலவிட்டார். 1972இல் வெளியான அரசு ஆய்வறிக்கை, கோர்வேர் அக்காலத்து மற்ற கார்களைவிட மோசமில்லை என்று சொன்னது. இதை நேடரின் தோல்வியாகப் பேசுபவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்ப்பதில்லை. அக்காலத்து மற்ற கார்கள் அத்தனை நல்லவையாகவா இருந்தன? மீதி அத்தியாயங்களில் அவர் கேட்பதே அதைத்தானே.

அவருடைய எல்லாப் புத்தகங்களையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனமில்லை. மார்க் கிரீன், ஜோயல் செலிக்மன் ஆகியோரோடு 1976இல் எழுதிய 'டேமிங் தி ஜயண்ட் கார்ப்பரேஷன்' கருத்தில் கனமானது, நடையில் வறண்டது. பெருநிறுவனங்களுக்கு மாநிலங்கள் போட்டி போட்டுக்கொண்டு உரிமம் தருவதை நிறுத்தி, மத்திய அரசே நிபந்தனையோடு தர வேண்டும் என்ற வாதத்தை அதில் பொறுமையாகத்தான் படிக்க வேண்டும். 2009இல் கோடீசுவரர்கள் சேர்ந்து நாட்டைத் திருத்துவதாக எழுதிய 700 பக்கத்துக்கும் மேற்பட்ட கற்பனை நூல் என் கையில் ஒட்டவே இல்லை. டயர் காற்றை அளந்த கண் அங்கே காணாமல் போய்விட்டது. ஆனால் 2007இல் வந்த 'தி செவன்டீன் டிரெடிஷன்ஸ்' சின்னது, இனிமையானது. லெபனானிலிருந்து குடியேறிய தந்தை கனெக்டிகட்டின் வின்ஸ்டெட் என்ற சிற்றூரில் உணவகம் நடத்தினார். சாப்பிட வந்தவர்கள் அரசியல் பேசாமல் எழுந்து போகமாட்டார்கள். பள்ளி விட்டு வந்த பையனிடம், சொன்னதை அப்படியே நம்பிவிட்டு வந்தானா, யோசித்துப் பார்த்தானா என்று விசாரிப்பாராம் தந்தை. குடியேறிய குடும்பம், அப்பாவின் சாப்பாட்டுக் கடை, மேசையில் ஊர் வழக்கு எல்லாம் சேர்ந்து, ஜாசின் பட்டணத்துக் கடை ஒன்றில் உட்கார்ந்து படிப்பதுபோல இருக்கிறது.

டயர் காற்றை அளந்த அந்தக் கண் தமிழில் நம் லயங்களுக்கு வந்துசேர்ந்தது பினாங்கு வழியாக. எஸ்.எம். முகமது இத்ரிஸ் தலைவராக இருந்து வளர்த்த பினாங்கு பயனீட்டாளர் சங்கம் ஆங்கிலம், மலாய், சீனத்தோடு தமிழிலும் எழுதியது. 'பயனீட்டாளர் குரல்' இதழும் நாளிதழ்களில் வந்த சங்கத்தின் அறிக்கைகளும் மலாக்காத் தோட்டங்கள்வரை கைமாறின. 1926இல் பிறந்து 2019 மே மாதம் மறைந்த இத்ரிஸ் தமிழ் பேசுபவர். அந்தத் தமிழ் வெளியீடுகள் உப்பு, சீனி, சம்சு, தவணைக் கடன் என்று எதைத் தொட்டாலும் கடைக்காரர் எடை போடும் கறாரோடு எழுதப்பட்டவை.

அவற்றில் என் மனம் அதிகம் தங்குவது டின் பாலில். தோட்டத்துக் கடையில் கடனுக்கு எழுதி வாங்கிய டின். மூடியில் ஆணியால் எதிரெதிரே இரண்டு ஓட்டை, ஒன்று பால் வழிய, ஒன்று காற்றுப் போக. பெரட்டுக்கு இருட்டிலேயே புறப்படும் தாய், ஆயாக் கொட்டகையில் விட்டுப்போகும் பிள்ளைக்கு அந்தப் பாலைக் கரைத்து ஊற்றி வைப்பாள். டின்னில் ஏறத்தாழ 45 விழுக்காடு சீனி. பிள்ளை கொழுகொழுவென்று தெரியும், சத்துப் பிடிக்காது. 1981இல் சங்கம் இதைப் பற்றியே 'தி அதர் பேபி கில்லர்' என்ற புத்தகத்தை வெளியிட்டது. பால்மாவு நிறுவனங்களைப் பற்றி உலகமே பேசிக்கொண்டிருந்த நேரத்தில், அதைவிட மலிவாகத் தோட்டத்துக் கடையில் கிடந்த டின்னின் பக்கம் விரலைத் திருப்பியது பெரிய கெட்டிக்காரத்தனம். பால்மாவு வாங்க வசதியில்லாத வீட்டில் எது விற்கிறது என்று பார்க்கத் தெரிந்தவர்களுக்கே அது தோன்றும்.

இந்தக் கதைக்கு முன்கதையும் நம் பக்கத்து ஊரில்தான். ஜமைக்காவில் பிறந்த மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'மில்க் அண்ட் மர்டர்' என்ற தலைப்பில் பேசினார். பிள்ளைகளுக்கு டின் பாலைக் கொடுக்கச் சொல்லிப் பரப்புரை செய்வதால் நேரும் சாவுகளைக் கொலையென்றே எண்ண வேண்டும் என்பது அந்த உரையின் சாரம். பெரும் வணிகர்கள் நிறைந்த கூடம் அது. அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, 1986இல் அந்த உரையை நூலாக அச்சிட்டது பினாங்கில் இயங்கிய உலகப் பயனீட்டாளர் சங்கங்களின் அலுவலகம். பேச்சாகக் காற்றில் போயிருக்க வேண்டியது பக்கமாகி நம் கைக்கு வந்தது. இன்று டின்னைத் திருப்பிப் பாருங்கள், குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்ற பொருளில் மலாயில் ஒரு வரி இருக்கும். பொடி எழுத்துத்தான். அதை அங்கே ஏற்ற எத்தனை கைகள் உழைத்தன!

பொதுமக்கள் செயலைப் பற்றிப் பேசும்போது மலாக்காவுக்கென்று ஒரு பெருமை உண்டு. 1967இல் புக்கிட் அசகான் தோட்டத் தொழிலாளர்கள் கோலாலம்பூர்வரை நடந்தே போய் முறையிட்டார்கள். நேடரின் கண் அந்த நடையைப் பார்த்திருந்தால், எந்த மைல்கல்லில் யாருக்குக் கொப்புளம் வந்தது, எந்த ஊரில் யார் சோறு போட்டார்கள் என்பதுவரை எழுதியிருக்கும். நம் பாட்டிகளிடமும் தாத்தாக்களிடமும் கேட்டு அதை அந்த நுணுக்கத்தோடு எழுத வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை.

புல்லுக்கு மருந்தடிக்கும் பெண்களைப் பற்றி அப்படியொரு நூல் வந்திருக்கிறது. ஐரீன் பெர்னாண்டஸ் நிறுவிய தெனாகானித்தா அமைப்பும், பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்பின் பினாங்கு அலுவலகமும் சேர்ந்து 2002இல் 'பாய்சன்ட் அண்ட் சைலென்ஸ்ட்' என்ற ஆய்வை வெளியிட்டன. அவ்வாண்டு ஐரீன் தலைமேல் வழக்கு தொங்கிக்கொண்டிருந்தது. வெளிநாட்டுத் தொழிலாளர் தடுப்பு முகாம்களின் நிலையை எழுதியதற்காக 1996இல் போடப்பட்ட வழக்கு அது. 2008இல்தான் விடுதலை கிடைத்தது. முகாமைப் பற்றி எழுதி மாட்டிக்கொண்டவரின் அமைப்பு, அதே கறாரோடு தோட்டத்தைப் பற்றியும் எழுதியது.

மருந்து கலப்பது ஸ்டோரில். எச்சரிக்கை ஒட்டிய புட்டி அங்கேயே நின்றுவிடும். பெண்ணின் முதுகில் ஏறுவது மருந்துப் பம்பு மட்டுமே. அதில் பேரும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. வாரில் கசிந்தது இடுப்புத் துணியில் ஊறும். பாராக்குவாட் என்ற களைக்கொல்லி பட்ட விரல்களில் நகம் நிறம் மாறிக் கழன்று விழும், மூக்கில் இரத்தம் வரும். அந்த மருந்துக்கு நீலச் சாயமும் நாற்றமும் வாந்தி வரவைக்கும் சரக்கும் சேர்த்தார்கள், யாரும் தவறிக் குடித்துவிடக் கூடாதென்று. தோல் வழியே போவதைச் சாயமும் நாற்றமும் தடுக்குமா? டயர் காற்றின் கதைதான் இங்கும். ஆலையில் முடித்திருக்க வேண்டிய பாதுகாப்பு, கையுறையும் முகமூடியும் அணிந்து சித்திரை வெயிலில் நிற்கவேண்டிய ஒரு பெண்ணின் தலையில் இறக்கப்படுகிறது.

2002 ஆகஸ்டில் மலேசிய அரசு பாராக்குவாட்டைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தது. 2006இல் அந்த முடிவு தளர்ந்தது. 2020 ஜனவரி 1 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. ஐரீன் அதைப் பார்க்கவில்லை. 2014 மார்ச் 31இல் போய்விட்டார். ரப்பர் நின்ற மேடுகளில் இப்போது செம்பனை நிற்கிறது. மருந்துப் பம்பு சுமப்பவர்களில் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்கள் முதுகில் ஏறுவது எந்த மருந்து, எந்தக் கலவை, எந்தப் பம்பில் எங்கே கசிகிறது என்று உட்கார்ந்து எழுத ஆள் வேண்டும். மலாக்காத் தமிழ் இளையோரில் யாராவது அந்த நோட்டைத் திறந்தால், முதல் பக்கத்துக்கு நான் பக்கத்திலிருந்து உதவத் தயார்.